ஓடும் பட்டையும் நாயின் மூச்சும்

கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதியில், காரைதீவு எல்லைக்குள் ஒரு பெரிய நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்வது லேசான வேலையில்லை. பஸ், லொறி, முச்சக்கர வண்டி எல்லாம் உரசிக்கொண்டு போகும். ஒழுங்கைக்குள் இறங்கினால் கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும். இந்த ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது; தெற்கே நிந்தவூர்; மேற்கே மாவடிப்பள்ளி, சம்மாந்துறை. சுற்றிவர முஸ்லிம் அயலவர்கள். அவர்கள் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். தொழுகைக்குப் போகிறவர் மேல் நம் வீட்டு நாய் பாய்ந்து நக்கிவிட்டால், அது ஆசையில் செய்தது என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. அல்சேஷனும் லாப்ரடோரும் ரொட்வைலரும் வளர்க்கிறவர்கள், வளவுக்குள்ளேயே நாயை ஓட வைக்க வழி உண்டா என்று தேடுவதில் நியாயம் இருக்கிறது. அப்படித் தேடும்போது கண்ணில் படுவதுதான் ட்ரெட்மில். மனிதர் ஓடும் அதே இயந்திரம். நாய்க்கென்றே நீளமாகச் செய்ததும் வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கிறது.

நாயை அதில் ஓட விடலாமா? விடலாம். ஆனால் இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நாயின் காலை நினைத்துக் கேட்கிறார்கள். கால் தாங்குமா, நகம் பட்டையில் மாட்டுமா, வழுக்கி விழுமா என்பதே அவர்கள் கவலை. நம்முடைய கரையோரத்தில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அதன் சூட்டைப் பற்றியது. ஓட்டத்தால் பிறக்கும் வெப்பத்தை நாய் எந்த வழியில் வெளியேற்றுகிறது, காரைதீவின் காற்று அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது தெரிந்தால், இயந்திரத்தை எப்போது போடலாம், எப்போது தொடவே கூடாது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

நாயை ஓரிடத்தில் வைத்து ஓட்டும் யோசனை மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெரிய வீடுகளின் அடுப்படியில் இறைச்சி சுடும் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே குட்டைக் காலும் நீண்ட உடலும் கொண்ட ஒரு நாயினம் இருந்தது. சுவரில் உயரத்தில் மாட்டிய மரச் சக்கரத்துக்குள் அதை ஏற்றிவிடுவார்கள். அது ஓட ஓடச் சக்கரம் சுற்றும், கம்பி திரும்பும். கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜோன் காயஸ் எழுதிய நாய்களைப் பற்றிய நூலின் ஆங்கிலப் பெயர்ப்பு 1576இல் வந்தது. அதிலேயே இந்த நாய் பேசப்படுகிறது. எரியும் அடுப்புக்குப் பக்கத்தில், கூண்டு போன்ற சக்கரத்துக்குள் மணிக்கணக்கில் ஓட்டம். இயந்திரக் கம்பிகள் வந்த பிறகு 19ஆம் நூற்றாண்டில் அந்த இனமே அழிந்து போயிற்று. வேல்ஸ் நாட்டின் அபர்கவெனி அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த ஒன்று மட்டும் இருக்கிறது. அமெரிக்கப் பண்ணைகளிலும் வெண்ணெய் கடைய நாயைச் சாய்வுப் பட்டையில் நடக்க விட்டார்கள்.

உழைப்பை வாங்கப் பிறந்த இந்தக் கருவி, உடலை அறியும் கருவியாக மாறியது 1889இல். ஜேர்மனியின் பேர்லினில் நாதன் சுன்ற்ஸ் என்ற உடலியங்கியலாளர், ஓடும் குதிரை எவ்வளவு ஒட்சிசனைச் செலவிடுகிறது என்று அளப்பதற்காக ஒரு ட்ரெட்மில்லை அமைத்தார். வெளியில் ஓடும் விலங்கின் முகத்தில் குழாயைப் பொருத்திக்கொண்டு பின்னால் ஓட முடியாது. விலங்கு நின்ற இடத்திலேயே ஓடினால் மூச்சைப் பிடித்து அளந்துவிடலாம். நாய்களின் ஓட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டெய்லரும் கூட்டாளிகளும் எலியிலிருந்து குதிரை வரை எத்தனையோ விலங்குகளைப் பட்டையில் ஓடவிட்டார்கள். 62 வகைப் பறவைகள், பாலூட்டிகளின் அளவுகளைச் சேர்த்து, உடல் எடையும் வேகமும் தெரிந்தால் ஓடும் செலவைக் கணிக்கும் ஒரு சூத்திரத்தை 1982இல் வெளியிட்டார்கள்.

அந்தச் சூத்திரத்தை நம் வளவு நாய்க்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள ஒரு நாய் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் துள்ளுநடையாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 230 வாட். சமதரையில் ஓடும்போது அதில் அநேகமாக முழுவதும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை நாயின் தோலுக்குள் எரியவிட்டதற்கும் மேலான சூடு அது. 20 நிமிடம் ஓடினால் 280 கிலோயூல். இதில் ஒரு துளியும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் நாயின் உடல்வெப்பம் 4 பாகை செல்சியஸ் ஏறிவிடும். ஓய்வில் நாயின் இயல்பு வெப்பம் 38.3இலிருந்து 39.2 வரை. அதோடு 4ஐக் கூட்டுங்கள். 41 பாகையைத் தாண்டினாலே வெப்பத்தாக்கு அபாயம் தொடங்கிவிடுகிறது. 43 என்பது குடல், ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் ஒன்றாகப் பழுதாகும் இடம். அப்படி ஆகாமல் நாயைக் காப்பது, அது விடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும் வெப்பம்தான்.

வெளியேற்ற அதற்கு இருக்கும் வழிகள் குறைவு. மனிதருக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கிறது. உடலைக் குளிர்விக்க அது காணாது. காற்று உடலை விடக் குளிராக இருந்தால் தோல் வழியாகவும் சூடு இறங்கும். நம் ஊரில் மே, ஜூன் மத்தியானத்தில் காற்றின் வெப்பம் 33, 34க்குப் போய்விடுவதால் அந்தக் கதவு பாதிக்கு மேல் மூடிக்கிடக்கிறது. மிஞ்சியிருப்பது மூச்சிரைப்பு. வாய், நாக்கு, மூக்கின் உட்புற ஈரத்தை ஆவியாக்கி அதன் வழியே சூட்டைத் தள்ளுவது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. முன்சொன்ன 280 கிலோயூலையும் இந்த ஒரே வழியில் போக்க வேண்டுமானால் நாய் 20 நிமிடத்தில் 115 மில்லிலீற்றருக்குக் கூடுதலான நீரை மூச்சில் இழக்க வேண்டும்.

இரைக்கும் நாயைச் சற்று நேரம் அருகில் நின்று கவனித்தால், அதன் மூச்சு படிப்படியாக வேகம் கூடாமல் சட்டென்று வேறொரு தாளத்துக்குத் தாவுவதைக் காணலாம். அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 30, 40 மூச்சு. இரைக்கத் தொடங்கியதும் 300ஐத் தாண்டிவிடும். நடுவில் நின்று நிதானிப்பதில்லை. 1962இல் யூஜின் குரோபோர்ட் இதற்கு விளக்கம் சொன்னார். நெஞ்சுக்கூடும் மூச்சுத்தொகுதியும் சேர்ந்து மீள்தன்மையுள்ள ஓர் அமைப்பு. அதற்கென்று இயல்பான அதிர்வு வேகம் ஒன்று உண்டு. நாய் அந்த வேகத்திலேயே இரைக்கிறது. அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் தசை செய்ய வேண்டிய வேலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால், சூட்டைப் போக்கச் செய்யும் வேலையே புதிய சூட்டை உண்டாக்கிவிடும்.

1970இல் க்னூட் ஷ்மிட்-நீல்சனும் டெய்லரும் இன்னொரு நுட்பத்தைக் காட்டினார்கள். இரைக்கும் நாய் காற்றைப் பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது. மூக்குக்குள் சுருள்சுருளாக மடிந்த ஈரப்பரப்பு, காற்று உள்ளே போகும்போது அதை நனைக்கிறது. அதே வழியில் வெளியே விட்டால் ஈரமும் சூடும் திரும்ப அந்தப் பரப்பிலேயே படிந்துவிடும். வாய் வழியே விடுவதால் சூடு போனது போனதுதான். சூடு கூடக்கூட வாய்வழியாக விடும் பங்கையும் நாய் கூட்டிக்கொள்கிறது. பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் உடற்பயிற்சியில் எளிதாகச் சரிந்து விழுவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. மூக்கின் உட்பரப்பு நசுங்கி, தொண்டையில் மென்தசை அடைத்துக்கொண்டிருக்க, குளிர்விக்கும் கருவியே அவற்றில் கோளாறு. இப்படிப்பட்ட நாய்களை இந்தக் கரையோரத்தில் ட்ரெட்மில்லில் ஏற்றவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

இப்போது காற்றின் ஈரத்தைப் பார்ப்போம். 37 பாகையில் முழுதாக நனைந்த காற்று ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 44 கிராம் நீராவியைச் சுமக்கிறது. நாய் வெளியே விடும் காற்று ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். உள்ளே இழுக்கும் காற்று 30 பாகையில் 80 வீத ஈரப்பதனுடன் இருந்தால் அதில் ஏற்கெனவே 24 கிராம் நீராவி உண்டு. ஒவ்வொரு கன மீற்றருக்கும் நாய் புதிதாக ஏற்றி அனுப்புவது 20 கிராம்தான். அதே வெப்பநிலையில் ஈரப்பதன் 30 வீதமாக இருந்தால் அந்த அளவு 35 கிராம். வெப்பமானி இரண்டு நாளும் 30 என்றே காட்டும். ஆனால் கடற்காற்று பிசுபிசுக்கும் நாளில் நாயின் குளிர்விக்கும் வலு 40 வீதத்துக்கு மேல் விழுந்துவிடுகிறது. கச்சான் காற்று வீசும் காலத்தில் காற்று உலர்ந்திருக்கும், ஆவியாவதற்குத் தோதுதான்; ஆனால் காற்றே அனலாக வருவதால் தோல் வழிக் கதவு அடைபடுகிறது. மழை விட்ட மறுநாள் வெயில் ஏறும்போது இருக்கிறதே, அது இரண்டிலும் மோசமானது. வாடைக் காலத்து விடியற்காலை ஒன்றுதான் நாய்க்கு இங்கே உண்மையான ஓட்டக் காலம்.

ட்ரெட்மில் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? சீரான வேகத்தில் பட்டை நகரும்போது, காலைப் பொறுத்தவரை தரையில் ஓடுவதற்கும் அதற்கும் இயக்கவியலில் வேற்றுமை இல்லை. வேற்றுமை காற்றில் இருக்கிறது. வெளியில் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் நாயின் முகத்தில் விநாடிக்கு 2 மீற்றருக்கு மேலான காற்று தானாக வந்து மோதும். பட்டையில் ஓடும் நாயைச் சுற்றி அது விட்ட சூடான ஈர மூச்சே தேங்கி நிற்கிறது. திரும்ப அதையே இழுக்கிறது. தகரக் கூரை போட்ட அறையில் இயந்திரத்தை வைத்தால் நிலைமை இன்னும் கெடும். நாயின் முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறி, திறந்த ஜன்னல், மேலே ஓட்டுக் கூரையோ மர நிழலோ இல்லாத இடத்தில் இந்த இயந்திரத்தைப் போடக்கூடாது. 1932இலேயே ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடத்தில் டேவிட் புரூஸ் டில்லும் தோழர்களும் பட்டையில் நாயை ஓட்டி இதைக் கண்டார்கள். குளிர்ந்த அறையில் நாயின் ஓட்டத்தை முடித்துவைத்தது எரிபொருள் தீர்ந்தது. சூடான அறையில் முடித்துவைத்தது உடல்வெப்பம். கால் சோர்வது அதற்கெல்லாம் பிறகுதான்.

இன்னொரு வேற்றுமை எனக்கு இதைவிடப் பெரியதாகப் படுகிறது. வெளியில் ஓடும் நாய் நிற்க நினைத்தால் நிற்கும். நிழலில் படுக்கும், தண்ணீர் தேடும், மணலைக் கிளறி ஈரத்தில் வயிற்றை வைத்துக் குளிரும். பட்டையில் அந்த உரிமை அதற்கு இல்லை. வேகத்தை முடிவு செய்வது பொத்தானை அழுத்துகிறவர். போதாக்குறைக்கு நாய் எசமானின் முகத்தைப் பார்த்து ஓடும் பிராணி. நாம் உற்சாகப்படுத்தினால் தன்னால் முடியாததையும் செய்யும். 1973இல் டெய்லர் சிவிங்கிப்புலியைப் பட்டையில் ஓட்டியபோது, உடல்வெப்பம் 40.5 பாகையை எட்டியதும் அது ஓட மறுத்துவிட்டது. சூடு தாங்காமல்தான் சிவிங்கிப்புலி வேட்டையைக் கைவிடுகிறது என்று நாற்பது வருடம் பாடநூல்கள் எழுதின. 2013இல் நமீபியாவில் சுதந்திரமாகத் திரிந்த சிவிங்கிப்புலிகளின் உடலுக்குள் உணரிகளை வைத்து அளந்தவர்கள், அவை வேட்டையை நிறுத்துவது சூட்டினால் இல்லை என்று காட்டினார்கள். பட்டையில் ஓடும் விலங்கும் வெளியில் ஓடும் விலங்கும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று. அந்தப் பூனையினம் மறுத்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். நம் லாப்ரடோர் மறுக்காது.

நம் முஸ்லிம் அயலவர்கள் சிறு வயதிலேயே கேட்டு வளரும் ஒரு ஹதீஸ் உண்டு. தாகத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தபடி ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு நாய்க்காக, கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்த மனிதரின் பாவங்களை இறைவன் மன்னித்தான் என்கிறது அது. எச்சிலைக் கழுவச் சொல்லும் அதே மரபு, இரைக்கும் நாயின் துயரத்தை இவ்வளவு நெருக்கமாகக் கண்டிருக்கிறது. காவலுக்கும் வேட்டைக்கும் பயிர், கால்நடைப் பாதுகாப்புக்கும் நாய் வளர்க்க அந்த மரபு இடமும் கொடுக்கிறது. காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட வயல்வெளிகளில் காவல் நாய் யாருக்கும் புதிதில்லை.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் நாய்க்குப் பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாய் பிறவி ஓட்டக்காரன். அலாஸ்காவில் பனிவண்டி இழுக்கும் பயிற்சி பெற்ற நாய், உச்ச உழைப்பில் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றரை ஒட்டிய ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது. உடற்பயிற்சி செய்யும் ஒரு நல்ல இளைஞரால் 50ஐத் தொட முடியும். அந்த நாய்கள் 1973 முதல் நடக்கும் இடிற்றரொட் பந்தயத்தில் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் ஓடுகின்றன. உறைபனிக் குளிர் அவற்றின் சூட்டை உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால் அது முடிகிறது. சங்கிலியில் கட்டி மூன்று வேளையும் சோறும் மீனும் போட்டு வளர்க்கும் நம் நாய்களுக்கு ஏறுவது எடைதான். கூடிய எடை மூட்டைத் தேய்க்கும். கொழுப்பு சூட்டையும் உள்ளே பூட்டிவைக்கும்.

பயிற்சி மூக்கையும் காக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மோப்பம் பிடிக்க நாய் மூக்கால் உறிஞ்ச வேண்டும். வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருக்கும்போது அதை ஒழுங்காகச் செய்ய முடியாது. அமெரிக்காவின் ஓபேர்ன் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முறையாக ட்ரெட்மில் பயிற்சி பெறாத நாய்களின் மோப்பத்திறன் கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருந்தது. பழக்கப்பட்ட நாய்கள் தாக்குப்பிடித்தன. இலங்கையில் இது ஏட்டுப் பேச்சில்லை. பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவு 1948 முதல் இயங்குகிறது. அதன் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில். போருக்குப் பின் வடக்கின் மண்ணில் கண்ணிவெடி தேடியவற்றிலும் மோப்ப நாய்கள் உண்டு. வன்னி வெயிலில் இரைப்பு முந்திக்கொண்டால் மூக்கு பிந்திவிடும். அந்த வேலையில் மூக்கு பிந்தினால் போவது ஓர் உயிர்.

சரி, எப்படிப் பழக்குவது? முதல் சில நாள் இயந்திரத்துக்குக் கரண்டே கொடுக்க வேண்டாம். நின்றிருக்கும் பட்டையில் ஏறட்டும், அங்கேயே ஒரு துண்டு கோழியோ மீனோ கிடைக்கட்டும், இறங்கட்டும். அடுத்தது சத்தத்துக்குப் பழக்குவது. இயந்திரம் வெறுமனே ஓடிக்கொண்டிருக்க நாய் பக்கத்தில் நின்று தின்னட்டும். பிறகுதான் நாய் மேலே நிற்கும்போது ஆகக் குறைந்த வேகம். கழுத்துப் பட்டியைப் பிடிக்காதீர்கள்; நெஞ்சையும் தோளையும் சுற்றிவரும் வார்ப்பட்டியைப் போட்டு, வாரை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் கைப்பிடியில் கட்டிவிட்டு உள்ளே தேநீர் போடப் போவது மன்னிக்க முடியாத செயல். கால் தவறினால் பட்டை இழுக்கும், கயிறு இறுக்கும். அந்த இடத்திலேயே கழுத்து நெரிபடும். ஒருவர் முன்னால் நின்று கூப்பிட, மற்றவர் பக்கத்தில் வாரையும் நிறுத்தும் பொத்தானையும் கவனிப்பது நல்லது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு நிமிடம் போதும். பல வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டி, நடையில் தொடங்கி நடையிலேயே முடித்து, 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நம் காலநிலைக்குப் போதுமானது.

ஓடும்போது கண் நாக்கில் இருக்கட்டும். முதலில் நாக்கின் நுனி மட்டும் வெளியே தெரியும். சூடு ஏறும்போது நாக்கு நீளும். பிறகு நுனி அகன்று அகப்பை போல விரியும், கடைவாய் பின்னுக்கு இழுபட்டுக் கடைசிப் பற்கள் தெரியும். அகன்ற நாக்கைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். எச்சில் கொழகொழவென்று கயிறாகத் தொங்குவது, முரசு செங்கட்டியாகச் சிவப்பது, நாய் பட்டையில் பின்னால் பின்னால் வழுகிப் போவது, பின்னங்கால் நகம் பட்டையில் உரசும் சத்தம் கேட்பது எல்லாம் அதற்கு அடுத்த கட்டம். தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறியைப் போடுங்கள். ஈரத் துவாயால் மூடி வைத்தால் சூடு உள்ளேயே அடைபடும். சூடு இறங்கத் தொடங்கியதும் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். பார்வைக்குத் தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் சிறுநீரகமும் குடலும் அடுத்த நாள்தான் தங்கள் சேதத்தைக் காட்டும்.

மனிதருக்கான ட்ரெட்மில்லின் பட்டை பொதுவாக 1.2 முதல் 1.5 மீற்றர் நீளம். சின்ன நாய்க்கு அது தாராளம். வளர்ந்த அல்சேஷன் மூக்கிலிருந்து வாலடி வரை ஒரு மீற்றரை ஒட்டி இருக்கும். அதில் அது காலை முழுதாக நீட்ட முடியாமல் குறுக்கிக் குறுக்கி ஓடும். நாள்பட இது தோளுக்கும் முதுகுக்கும் கேடு. அப்படிப்பட்ட நாயை மனிதர் இயந்திரத்தில் நடக்க மட்டும் விடலாம், ஓட விடக்கூடாது. வால் பக்கச் சட்டத்துக்கும் பட்டைக்கும் இடையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டிகளை ஏற்றவே வேண்டாம். பெரிய இனங்களில் எலும்பின் வளர்தட்டு மூட 12 முதல் 18 மாதம் வரை ஆகும்; அதற்குள் கட்டாய ஓட்டம் கொடுத்தால் கால் கோணக்கூடும்.

இயந்திரம் தன் முழுப் பெருமையைக் காட்டுவது ஓட்டத்தில் இல்லை, சிகிச்சையில். கண்ணாடித் தொட்டிக்குள் பட்டையை வைத்து நீரை நிரப்பும் நீரடி ட்ரெட்மில், இன்று உலகின் பல மிருக வைத்தியசாலைகளில் இருக்கிறது. 2010இல் வெளிவந்த ஓர் அளவீட்டின்படி, நீர் பின்னங்காலின் கணுமூட்டு வரை நின்றால் நாய் தன் எடையில் 91 வீதத்தைத் தாங்குகிறது. முழங்கால் வரை நின்றால் 85 வீதம். இடுப்பு வரை ஏறினால் வெறும் 38 வீதம். முழங்கால் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்த நாய், இடுப்பு மூட்டு தேய்ந்த கிழ நாய், முதுகுத்தண்டு பாதித்துப் பின்னங்கால் இழுபடும் நாய் எல்லாம் தரையில் ஊன்ற முடியாத காலை நீருக்குள் ஊன்றி நடக்கின்றன. நீரின் தடை தசையை வளர்க்கிறது. மிதப்பு மூட்டைக் காக்கிறது. முன்பே சொன்ன சூட்டுக் கணக்கும் அங்கே கொஞ்சம் இளகுகிறது, உடலைவிடக் குளிர்ந்த நீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால்.

இதே கருவிக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. நாய்ச் சண்டை நடத்துகிறவர்கள் நாய்களின் தசையை முறுக்கேற்ற ட்ரெட்மில்லில் கட்டி ஓட்டுகிறார்கள். 2007இல் அமெரிக்காவில் அமெரிக்கன் ஃபுட்போல் வீரர் மைக்கல் விக் சிக்கிய வழக்கில், வேர்ஜீனியாவிலிருந்த அவரது காணியில் கைப்பற்றிய பொருட்களில் ட்ரெட்மில்லும் இருந்தது. இலங்கையில் விலங்குவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. நூற்றாண்டைக் கடந்த அந்தச் சட்டத்தின் இடத்துக்கு ஒரு புதிய சட்டம் வர வேண்டும் என்பது நீண்டகாலக் கோரிக்கை. நாயை அதன் வலுவுக்கு மேல் ஓட்டுவது, யார் செய்தாலும் எந்த நோக்கத்தில் செய்தாலும், வதை என்பதே என் நிலை.

காரைதீவில் நாய் வளர்க்கிறவருக்கு இயந்திரம் வாங்கும் முன் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கிழக்கே ஐந்து நிமிட நடையில் கடற்கரை இருக்கிறது. சுபஹுத் தொழுகை நேரத்துக்குப் பின், வெயில் ஏறுமுன், அலை நனைத்து இறுகிய மணல் நாயின் பாதத்துக்கு ஏற்ற தரை. உலர்ந்த மணலைப் போல் தசைநாரை இழுப்பதுமில்லை, தார் வீதியைப் போல் சுடுவதுமில்லை. கடற்காற்று முகத்தில் அடிக்கும். கணுக்கால் அளவு நீரில் நடத்தினால் கூலி கொடுக்காத நீர்ச்சிகிச்சையும் கிடைக்கும். வாடைக் காலத்துக் கொந்தளிப்பில் மட்டும் அலைக்குள் இறக்காதீர்கள், உப்புநீரைக் குடிக்க விடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் வாரைக் குறுக்கிப் பிடியுங்கள், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம். கழிவை அள்ளிக்கொண்டு வாருங்கள்.

கடற்கரைக்குக் கொண்டுபோக இயலாத முதியவர்கள், நோயாளிகள், அடங்காத நாயை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கும், அடைமழை மாதங்களிலும், அறுவைக்குப் பின் தேறும் நாய்க்கும் ட்ரெட்மில் நல்ல துணை. வாங்குங்கள். மின்விசிறியையும் சேர்த்து வாங்குங்கள். மத்தியானத்தில் போடாதீர்கள். நாய் பட்டையிலிருந்து தானாக இறங்கிவிட்டால் அன்றைக்கு அது போதும்; திரும்ப ஏற்றாமல் கரண்டை நிறுத்தித் தண்ணீர் வையுங்கள்.